பி281: ஒரு டிவி பெட்டியின் ஜாதகம்

மூடியில் என்ன பெயர் அச்சடித்திருந்தாலும் இந்தப் பெட்டிக்குப் பிறந்த பெயர் ஒன்றுதான்: பி281. அம்லாஜிக் நிறுவனம் தன் எஸ்905டபிள்யூ சில்லை வைத்து டிவி பெட்டி செய்ய விரும்புகிறவர்களுக்காக வரைந்து கொடுத்த மாதிரிப் பலகையின் எண் அது. ஷென்சென் பட்டறைகள் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டன. மூலைக்கு மூலை சின்னச் சின்ன மாற்றம் செய்து, ஆளுக்கொரு பிளாஸ்டிக் மூடி போட்டு, ஆளுக்கொரு பெயர் சூட்டின. கடையில் பத்துப் பெயர். உள்ளே ஒரே உருப்படி. உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி. எச்டிஎம்ஐ வாய் ஒன்று, யுஎஸ்பி இரண்டு, லேன் ஒன்று, மெமரி கார்டு நுழைக்க ஒரு பிளவு, 'ஏவி' என்று எழுதிய வட்டத் துளை, மின்சாரத்துக்கு இன்னொரு துளை.

டிவி பெட்டியாகப் பிறந்த இந்த உருப்படிகளில் ஒன்று, இன்று மலேசியாவின் பேராக்கில் ஒரு செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் மாரியம்மன் கோயிலில் லினக்ஸ் கணினியாக வேலை பார்க்கிறது. சின்ன வேலைக்கு மலிவாக என்ன கணினி வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு விலைப்பட்டியலை நீட்டுவதைவிட, இது நடந்து வந்த வழியைச் சொல்வது எனக்குச் சுலபம். எங்கே ஏமாறுவோம், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் அந்த வழியிலேயே கிடக்கிறது.

அம்லாஜிக் 1995-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. பிறகு ஷாங்காயைத் தலைமையிடமாக்கிக்கொண்டு, 2019-இல் அங்கேயே பங்குச் சந்தையிலும் ஏறியது. தொலைக்காட்சிப் பெட்டிக்கான சில்லுதான் அவர்களுக்குச் சோறு போடுகிறது. 2015-இல் எஸ்905, அடுத்த ஆண்டு எஸ்905எக்ஸ், 2017-இல் அந்தக் குடும்பத்திலேயே விலை குறைந்த எஸ்905டபிள்யூ. 28 நானோமீட்டர் நுட்பத்தில் செய்த சில்லு, கார்டெக்ஸ்-ஏ53 மையங்கள் நான்கு, வேகம் 1.2 கிகாஹெர்ட்ஸ்.

வேகம் என்றதும் மூத்த பிள்ளை எஸ்905-இன் கதையைச் சொல்லாமல் போக முடியாது. அது 2 கிகாஹெர்ட்ஸ் என்று சொல்லி விற்கப்பட்டது. கொரியாவின் ஹார்டுகர்னல் நிறுவனம் அதே சில்லை வைத்து 2016-இல் ஓட்ராய்டு-சி2 என்ற சிறு கணினியைக் கொண்டுவந்தபோது குட்டு உடைந்தது. மென்பொருளில் 2 என்று எழுதினால் 2 என்றே காட்டும். ஆனால் ஓடுவது 1.5. லினக்ஸுக்கும் அடியில், சில்லுக்குள் இயங்கும் ஒரு மூடிய நிரல் கடிகாரத்தைத் தன் கையில் வைத்திருந்தது. சில்லுக்காரர் செய்ததைப் பெட்டிக்காரர் விடுவாரா? ஒரு ஜிபி நினைவகத்தைப் போட்டுவிட்டு, அமைப்புத் திரையில் இரண்டு ஜிபி என்று காட்டும்படி ஆண்ட்ராய்டைத் திருத்தி விற்ற பெட்டிகள் ஏராளம். பெட்டிமேல் இருக்கும் எண்ணை நான் படிப்பதே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் போடும் பட்டங்களை எப்படிப் படிப்போமோ அப்படித்தான்.

படிக்க வேண்டிய எண் வேறொன்று இருக்கிறது. 2017, 2018-இல் வந்த இந்தப் பெட்டிகளில் ஆண்ட்ராய்டு 7.1 இருந்தது. அதற்கு அடியில் லினக்ஸ் கெர்னல் 3.14. அந்தக் கெர்னல் வெளிவந்தது 2014 மார்ச்சில். அதைப் பராமரிப்பதை லினக்ஸ்காரர்கள் நிறுத்தியது 2016 செப்டம்பரில். ஆக, பட்டறையிலிருந்து புத்தம் புதிதாக வந்து இறங்கிய நாளிலேயே இதன் அடித்தளம் கைவிடப்பட்டு ஓர் ஆண்டு ஆகிவிட்டது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட எந்தப் பாதுகாப்பு ஓட்டையும் இதில் அடைபடவில்லை. வாங்கியவர்களில் யாருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. படம் வந்தது, போதும்.

சில்லு, நினைவகம், மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் குட்டிச் சில்லுகள் எல்லாவற்றையும் பலகையோடு பிணைப்பது காரீயம் கலக்காத பற்றாசு. இன்று பரவலாகப் பயன்படும் கலவையில் நூற்றுக்கு 96.5 பங்கு வெள்ளீயம். 3 பங்கு வெள்ளி, அரைப் பங்கு செம்பு. வெள்ளீயம் என்றால் ஈப்போக்காரன் நின்று கேட்பான். ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகமாக வெள்ளீயம் எடுத்த நிலம் ஈப்போவைச் சுற்றிய எங்கள் கிந்தா பள்ளத்தாக்கு. தஞ்சோங் துவாலாங்கில் இன்று சுற்றுலாக் காட்சிப் பொருளாக மிதக்கும் டிடி5 ஈயக் கப்பல் 1938-இல் கட்டப்பட்டது. 1982-இல் வேலை நின்றது. 1985 அக்டோபரில் உலக வெள்ளீயச் சந்தை விழுந்தபோது மிச்சமிருந்த லம்பங்களும், அதாவது ஈயச் சுரங்கங்களும், ஒவ்வொன்றாக மூடின. ஹுலு பேராக்கின் கிளியான் இந்தானில் இன்னமும் மண்ணைத் தோண்டி ஈயம் எடுக்கிறார்கள்.

ஈயம் போன இடத்துக்குச் சில்லு வந்தது. ஈப்போவில் கார்செம் 1972-இல் தொடங்கியது. விமான நிலையச் சாலையில் ஒரு தொழிற்சாலை, மேருவில் ஒன்று. சிம்பாங் பூலாயில் யுனிசெம் 1992 முதல் உற்பத்தி செய்கிறது. 2019-இல் அதன் பெரும்பங்கு சீனாவின் தியான்ஷுயி ஹுவாதியன் கைக்குப் போனது. இங்கே நடப்பது சில்லைச் செதுக்கும் வேலை இல்லை. வெளிநாட்டில் செதுக்கி வந்த சிலிக்கான் துணுக்குக்குக் கால் வைத்து, கம்பி இழுத்து, கறுப்புப் பிசினில் மூடி, ஓடுகிறதா என்று சோதித்து அனுப்பும் வேலை. உலகத்தில் நடக்கும் அந்த வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடப்பதாகச் சொல்கிறார்கள். தோட்டங்கள் துண்டு துண்டாகி, பால்மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டபோது, பால்வாளி தூக்கிய அம்மாக்களின் பெண்பிள்ளைகள் விடியலில் கம்பெனி பஸ் ஏறினார்கள். ஷிப்ட் முழுவதும் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் விளிம்பில் ஒட்டினார்கள். சில்லு என்றால் என்னவென்று கேட்டால் அவர்களில் பலர் 'ஐசி' என்பார்கள். கை அதை அறியும். மலிவுக் கணினி எங்கோ சீனாவில் விளைகிறது என்று நினைக்கிறோம். அந்தத் தொழிலின் பாதி வழியில் நம்முடைய அக்காமார் ஐம்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெட்டிக்கு வருவோம். அது கடல் தாண்டி வந்தபோது விலை நூறு மலேசிய வெள்ளியை ஒட்டி இருந்தது. இணையக் கடையில் வந்தது, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வந்தது, ஈப்போ யிக் ஃபூங் வளாகத்தின் கைப்பேசிக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைக்கப்பட்டது. ஏன் அவ்வளவு விற்றது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 1996-இல் ஆஸ்ட்ரோ வந்த பிறகு கூரைக்குக் கூரை தட்டு ஏறியது. மாதா மாதம் சந்தாவும் ஏறியது. ஒரு தடவை காசு கொடுத்தால் எல்லாத் தமிழ் அலைவரிசையும் வரும் என்று ஒருவர் பெட்டியை நீட்டினால், தோட்டத்தை விட்டு வந்து தாமான் என்ற குடியிருப்பில் மலிவு விலை வீட்டுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் குடும்பம் என்ன செய்யும்? பாட்டிக்கு நாடகம், பேரனுக்கு யூடியூப், ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் படம்.

அந்த வாழ்க்கை நான்கைந்து ஆண்டுகள் ஓடியது. பிறகு இரண்டு பக்கமும் அடி விழுந்தது. 2022 மார்ச் 18 முதல் நடப்புக்கு வந்த காப்புரிமைச் சட்டத் திருத்தம், திருட்டு ஒளிபரப்புக்கு வழி செய்யும் கருவியை விற்பதையும் கொடுப்பதையும் தனிக் குற்றமாக்கியது. அபராதம் 10,000 வெள்ளியிலிருந்து 2 லட்சம் வெள்ளி வரை; சிறை 20 ஆண்டு வரை. இன்னோர் அடி பெட்டிக்குள்ளிருந்தே வந்தது. 2023 தொடக்கத்தில் கனடாவில் ஒருவர் தாம் வாங்கிய டி95 என்ற பெட்டி, யாரும் தொடாமலேயே வெளியாருடன் பேசிக்கொண்டிருப்பதைப் பிடித்தார். அதில் இருந்தது அம்லாஜிக் இல்லை, ஆல்வின்னர் சில்லு. ஆனால் சிக்கல் சில்லில் இல்லை. பெட்டி வாங்குகிறவர் கைக்கு வரும் முன்பே கள்ள நிரல் உள்ளே குடியேறியிருந்தது. அதே ஆண்டு ஹியூமன் செக்யூரிட்டி நிறுவனம் இப்படிக் கள்ள நிரல் குடியேறிய கருவிகளின் வலையை 'பேட்பாக்ஸ்' என்ற பெயரில் விவரித்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களை எச்சரித்தது. ஜூலையில் கூகுள் வழக்குப் போட்டது. சிக்கிய கருவிகள் ஒரு கோடிக்கு மேல் என்று அந்த வழக்கில் சொல்லப்பட்டது. வரவேற்பறையில் அம்மன் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பெட்டி, ஊர்பேர் தெரியாத எவனுக்கோ வேலை செய்துகொண்டிருக்கலாம்.

இப்படியாக, ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் மெமரி லேன் பழைய சாமான் சந்தையில், தார்ப்பாயின்மேல் ரிமோட் இல்லாத பெட்டிகள் வந்து விழுந்தன. பத்து வெள்ளி, பதினைந்து வெள்ளி. பேரம் பேசினால் அடாப்டரும் சேர்த்துத் தருவார்கள். நம்முடைய பெட்டியும் அங்கிருந்துதான் வந்தது.

கோயில் இருப்பது முன்னாள் ரப்பர் தோட்டத்தில். லயங்களை இடித்துவிட்டார்கள், பள்ளிக்கூடம் வேறிடம் போய்விட்டது, சனங்கள் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். அம்மனை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. பேராக்கில் இப்படிச் செம்பனைக்கு நடுவே நிற்கும் கோயில்கள் பல. ஆடித் திருவிழாவுக்கு நான்கு திசையிலிருந்தும் கார்கள் வரும். மற்ற நாட்களில் பூசாரியும் இரண்டு நாயும். காலையும் மாலையும் பக்திப் பாட்டு ஒலிக்க வேண்டும். அதற்கு ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், பென்டிரைவ் செருகும் பிளேயர், இவற்றையெல்லாம் நேரத்துக்கு எழுப்பிவிடச் சுவரில் செருகும் சக்கர டைமர். வட்டமாகச் சுற்றும் அந்த டைமருக்கு மின்சாரம் போனால் நேரமும் நின்றுவிடும். மூன்று மணி நேரம் கரண்ட் போனால் மறுநாள் பாட்டு மூன்று மணி நேரம் தள்ளிப் பாடும்.

"தம்பி, ராத்திரி ஒம்பது மணிக்குப் பள்ளியெழுச்சி பாடுதுய்யா. அம்மா எந்திரிக்கிறதா, படுக்கறதா?" என்றார் பூசாரி.

வேலை இவ்வளவுதான்: கரண்ட் போய் வந்ததும் யாரும் தொடாமல் தானே எழுந்திருக்க வேண்டும், சரியான நேரம் தெரிந்திருக்க வேண்டும், பாட்டு போட வேண்டும். இணையம் கிடையாது. எந்தப் பலகை என்று கடைகளைத் தேடுவதற்கு முன் இந்த ஒரு வரியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பலகையை வாங்கிவிட்டு, பிறகு அதற்கு வேலை தேடுகிறார்கள்.

இந்த வேலைக்கு ஆசையாகப் பார்க்கத் தோன்றுவது ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ. 2021 அக்டோபரில் 15 டாலருக்கு வந்தது. அரை ஜிபி நினைவகம். பினாங்கின் சைட்ரான் நிறுவனம் போன்ற உள்ளூர் விற்பனையாளர்களிடமே வாங்கலாம். இதன் பெரும் சொத்து வேகம் இல்லை. எந்தக் கேள்விக்கும் எழுதப்பட்ட பதில் இருப்பதுதான். ஓரத்தில் 40 ஊசித் துளைகள் உண்டு. டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லை அதில் கோத்துவிட்டால் பொத்தான் பேட்டரியில் ஆண்டுக்கு ஒரு நிமிடத்தை ஒட்டிய பிழையோடு நேரம் காக்கும். ஆனால் பலகையில் ஒலித்துளை கிடையாது, யுஎஸ்பியோ ஒன்றே ஒன்று, அதுவும் மைக்ரோ. கார்டு, அடாப்டர், மாற்றி, ஒலி அட்டை என்று சேர்த்துக்கொண்டே போனால் பலகையின் விலை கணக்கில் சின்னதாகிவிடும்.

அதைவிட மலிவாகவும் உண்டு. ராக்சிப் ஆர்வி1103 சில்லு வைத்த லக்ஃபாக்ஸ் பிக்கோ, ஆர்ஐஎஸ்சி-5 வகைச் சில்லு வைத்த மில்க்-வி டுயோ. விரல் நீளப் பலகைகள். நினைவகம் சில்லுக்குள்ளேயே 64 எம்பி. நினைவகத்தைத் தனியாக வைத்து மெல்லிய தடங்கள் இழுக்கும் சிரமம் பலகை வரைகிறவருக்கு இல்லை. அந்த மிச்சம்தான் விலையில் தெரிகிறது. கேமரா வைத்து ஏதாவது செய்ய, ஒரே நிரலை இரவு பகல் ஓட்ட, இவை அருமையான பலகைகள். ஆனால் 64 எம்பியில் டெபியனைப் போட்டு உட்கார முடியாது. பில்ட்ரூட் என்ற கருவியால், வேண்டியதை மட்டும் பொறுக்கி, உங்கள் பெரிய கணினியில் சமைத்து, கார்டில் எழுதிக் கொண்டுவர வேண்டும். நாளைக்கு ஒரு சின்ன மாற்றம் என்றாலும் மறுபடி சமையல். கோயிலுக்கு அடுத்து வந்து பார்க்கப்போகிற இளைஞனுக்கு அந்தக் கலை தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆரஞ்சு பை ஸீரோ 2016-இல் பத்து டாலருக்கும் குறைவாக வந்து பரபரப்பு உண்டாக்கியது. சூடும், அதன் வைஃபை சில்லுக்கு ஒழுங்கான டிரைவர் இல்லாததும் வாங்கியவர்களைப் படுத்தின. ஒன்பது டாலர் கணினி என்று 2015-இல் பேசப்பட்ட 'சிப்' பலகையின் நிறுவனம் 2018-இல் மூடியே போனது. இந்தியாவில் இதற்கெல்லாம் முன்னோடியாகப் பெங்களூரில் பிறந்த சிம்ப்யூட்டரும் லினக்ஸ்தான்; 2004-இல் கடைக்கு வந்தபோது பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலை, வாங்குவார் குறைவு. மலிவு என்ற சொல்லோடு பிறந்த பலகைகளில் நிலைத்தவை சிலவே. நிலைத்தவற்றுக்கு ஓர் ஒற்றுமை உண்டு: அந்தச் சில்லுக்கான நிரல் லினக்ஸின் பொதுக் கெர்னலுக்குள் சேர்க்கப்பட்டிருந்தது. விற்றவர் கடையை மூடினாலும் கெர்னல் அதை மறக்காது.

பத்து வெள்ளிப் பெட்டி ஜெயித்தது அங்கேதான். பிரான்சின் பேலிப்ரே நிறுவனப் பொறியாளர்களும் தன்னார்வலர்களும் அம்லாஜிக் குடும்பத்தை ஆண்டுக்கணக்காகப் பொதுக் கெர்னலுக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். இந்தச் சில்லின் மாலி-450 வரைகலைப் பகுதிக்கு உரிய 'லிமா' டிரைவர் 2019-இல் 5.2 கெர்னலில் சேர்ந்தது. உடன்பிறப்பான எஸ்905எக்ஸ் சில்லை வைத்து லிப்ரே கம்ப்யூட்டர் நிறுவனம் 'லெ பொட்டேட்டோ' என்ற முறையான சிறு கணினியையே விற்கிறது. பட்டறைக்காரர் 3.14-ஓடு கைகழுவிய பெட்டியில், முன்பின் தெரியாத ஆட்களின் உழைப்பால் இன்றைய கெர்னல் ஓடுகிறது. டிவி பெட்டிகளில் இதைவிட வேகமான சில்லுகள் எத்தனையோ சந்தையில் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

திறந்து பார்க்க நான்கு ரப்பர் கால்களைப் பிய்க்க வேண்டும். அடியில் திருகுகள். பலகை கைக்கு வந்ததும் நடுவில் சில்லின்மேல் ஒட்டிய அலுமினியத் தகடு தெரியும். ஓரமாக வரிசையாக நான்கு பொட்டுகள். சில பெட்டிகளில் அவற்றுக்குப் பக்கத்தில் பெயர்கூட எழுதியிருக்கும். அதில் மூன்றில் கம்பி வைத்து, 3.3 வோல்ட் யுஎஸ்பி சீரியல் மாற்றி வழியாகக் கணினியில் 1,15,200 வேகத்தில் பார்த்தால், மின்சாரம் கொடுத்த கணமே சில்லு பேசத் தொடங்கும். அது உதிர்க்கும் முதல் வார்த்தை 'ஜிஎக்ஸ்எல்'. எஸ்905எக்ஸ், எஸ்905டபிள்யூ சேர்ந்த குடும்பத்தின் பெயர். ஆண்ட்ராய்டு திரை என்ன பொய் சொன்னாலும் இந்த வரி பொய் சொல்லாது. அடுத்தடுத்த வரிகளில் நினைவகம் உண்மையில் எவ்வளவு என்பதும் வந்துவிடும். சந்தையில் வாங்கிய பெட்டியை நான் நம்புவது இதைப் பார்த்த பிறகுதான்.

லினக்ஸைப் புகுத்துவதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்லோவேனியாவில் பிறந்த ஆர்ம்பியன் திட்டத்தார் இந்தப் பெட்டிகளுக்கும் கோப்பு வைத்திருக்கிறார்கள். அதிகாரபூர்வ ஆதரவு இல்லை, தன்னார்வலர் பராமரிப்பு. அதை மெமரி கார்டில் எழுத வேண்டும். பிறகு கார்டில் இரண்டு சின்ன வேலைகள். சில்லுக் குடும்பத்துக்கு உரிய யு-பூட் கோப்பைப் படியெடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். எந்தப் பலகை என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கேதான் பிறந்த பெயர் கைகொடுக்கிறது: கோப்புப் பட்டியலில் எஸ்905டபிள்யூவுக்கு நேரே பி281 என்று இருக்கும். மூடியில் இருக்கும் பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. கார்டைச் செருகி, ஏவி துளைக்குள் பல்குச்சியை விட வேண்டும். ஆழத்தில் ஒரு பொத்தான் 'டிக்' என்று அமுங்கும். அமுக்கியபடியே அடாப்டரைச் செருகி, திரையில் சின்னம் வந்து மறைந்ததும் குச்சியை எடுத்தால் ஆண்ட்ராய்டு ஒதுங்கிக்கொள்ளும், கார்டிலிருந்து லினக்ஸ் எழுத்துகள் ஓடும். ஒரு தடவை செய்தால் போதும். பிறகு கார்டு இருக்கும்வரை தானாகவே அங்கிருந்து எழும்.

எல்லாம் கிடைத்துவிடாது. பல பெட்டிகளில் விலை குறைக்க எஸ்எஸ்வி6051 என்ற வைஃபை சில்லைப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பொதுக் கெர்னலில் டிரைவர் இல்லை. லேன் 100 மெகாபிட்தான். எழுந்திருக்கும்போது முதலில் ஓடுவது இன்னமும் பட்டறைக்காரரின் துவக்க நிரலே. அதை முற்றாக மாற்ற முடியவில்லை. வீட்டு வங்கிக் கணக்கைப் பார்க்கும் கணினியாக இதை நான் வைக்க மாட்டேன். இணையமே இல்லாத கோயிலில் அது ஒரு குறையில்லை.

மிச்சம் நேரம். பெட்டியில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, அதைக் கோக்க ஊசித் துளைகளும் வெளியே இல்லை. கரண்ட் போய் வந்தால், கடைசியாக எழுதி வைத்த நேரத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். அந்தச் சக்கர டைமர் செய்த அதே தப்பு. வீட்டில் என்றால் இணையம் திருத்திவிடும். இங்கே வானம் திருத்துகிறது. யுஎஸ்பியில் செருகும் சிறு ஜிபிஎஸ் உணரி ஒன்றைத் துத்தநாகக் கூரையின் விளிம்பில், செம்பனை ஓலை மறைக்காத பக்கமாக வைத்தோம். செயற்கைக்கோள் சொல்லும் நேரம் ஜிபிஎஸ்டி வழியாக கிரோனி என்ற நிரலுக்குப் போகும். அது கணினியின் கடிகாரத்தைத் தூக்கி வைக்கும். நேரம் உறுதியாகும்வரை பாட்டு நிரல் தொடங்கவே கூடாது என்று சிஸ்டம்டியில் விதி எழுதியிருக்கிறது. ஜிபிஎஸ் வாங்குகிறவர்கள் ரொம்பப் பழைய உருப்படியை வாங்க வேண்டாம். 1,024 வாரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்துக்குப் போகும் கோளாறில் சில பழைய உணரிகள் தேதியை இருபது ஆண்டு பின்னுக்குச் சொல்லும்.

நேரம் குறித்த பிறகு ஒரு வாதம் கிளம்பியது. காலைப் பாட்டு ஐந்தரைக்கா, ஆறுக்கா? தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு ஆள் கூடிய காலத்தில் ஐந்தரைக்கே பாடும் என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்ன ஐந்தரை வேறு ஐந்தரை. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. அன்றைய ஐந்தரை இன்றைய ஆறு. பெரியவர் கேட்டதும் பூசாரி கேட்டதும் ஒன்றே என்று முடிந்து, ஆறு என்று எழுதினோம்.

கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வகைச் சிறு கணினிகள் செத்தால் பெரும்பாலும் சாவது சில்லு இல்லை, மெமரி கார்டு; எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அதோடு போயிற்று. ஆகவே கார்டைப் படிக்க மட்டும் என்று பூட்டி, மாற்றங்கள் எல்லாம் நினைவகத்திலேயே கரைந்துபோகும்படி ஓவர்லே வைத்தாயிற்று. அதே கார்டுக்கு ஒரு நகல் எடுத்து உறையில் போட்டுப் பூசாரியிடம் கொடுத்திருக்கிறது. பெட்டியோடு வந்த அடாப்டரை நம்பவில்லை. 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று எழுதியிருந்தது, சுமை ஏற்றி அளந்தால் மின்னழுத்தம் இறங்கியது. நல்ல அடாப்டர் ஒன்றும், பேராக்கின் இடி மின்னலை எண்ணி மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்றும் வாங்கினோம். ஏவி துளை பல்குச்சிக்கு உதவியது போதும் என்று விட்டுவிட்டு, ஒலிக்கு லினக்ஸ் பார்த்ததும் அறியும் யுஎஸ்பி ஒலி அட்டை வைத்தோம். பெட்டி குடிப்பது மூன்று வாட்டை ஒட்டி. மாதம் முழுக்க ஓடினால் இரண்டு யூனிட் சொச்சம், ஒரு வெள்ளிக்குள் அடங்கும். ஜிபிஎஸ், கார்டு, அடாப்டர், ஒலி அட்டை ஒவ்வொன்றும் பெட்டியைவிட விலை அதிகமானதாகவோ அதற்குச் சமமாகவோ இருந்தது. மலிவுப் பலகை வாங்குகிறவர்கள் பலகைக்குப் பக்கத்தில் எழுத மறக்கும் கணக்கு இது.

புதிதாக வாங்கித்தான் செய்ய வேண்டும் என்றால் நான் இந்தப் பெட்டியைச் சொல்ல மாட்டேன். ஊசித் துளை வேண்டும், உணரி கோக்க வேண்டும், நாளைக்கு இன்னொன்றும் அதேபோல வாங்க வேண்டும் என்றால் ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூவோடு ஒரு டிஎஸ்3231. ஒரே நிரல், ஆயிரக்கணக்கில் உருப்படி என்றால் லக்ஃபாக்ஸ் வகை. ஏற்கெனவே கையில் ஒன்று கிடக்கிறது, லேன் கம்பியும் யுஎஸ்பியும் போதும், ஒரு மாலை நேரம் பல்குச்சியோடு உட்காரப் பொறுமை உண்டு என்றால் பெட்டி. எதை எடுத்தாலும் காசு கொடுக்கும் முன் சில்லின் பெயரைக் கேளுங்கள். அந்தப் பெயர் பொதுக் கெர்னலில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரருக்குச் சில்லின் பெயர் தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள்.

வீட்டு அலமாரியில் இப்படிப் பெட்டி கிடக்கிறவர்களுக்கு: குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்னணுக் கழிவு மலேசியச் சட்டத்தில் எஸ்டபிள்யூ110 என்ற எண்ணில் வரும் அட்டவணைக் கழிவு. அதைச் சாதாரணக் குப்பையோடு சேர்க்கக் கூடாது. யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், அதில் உள்ள உங்கள் கூகுள் கணக்கையும் வைஃபை கடவுச்சொல்லையும் அழித்துவிட்டு, அடாப்டரோடு சேர்த்துக் கொடுங்கள். ரிமோட் தேவையில்லை.